அடித்த வரி

மேனேஜர் ஒரு கம்பளியைத் தன் நெஞ்சுக்கு எதிரே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டிய கம்பளி. இப்போது அது அவர் கழுத்தில் தொடங்கி இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிட்டது. தொட்டால் அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது.

“இத யாருக்குப் போர்த்துறது? பூனைக்கா?” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் டிரைவரண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கதவோரமாக அவள் நின்றாள். தரையில் கிடந்த மூட்டைகளிலும் அதே ஓட்டலின் கம்பளிகள்தான், எல்லாம் அதே பூனை அளவுக்கு வந்திருந்தன.

அவளை அந்தச் சலவைக்கூடத்தில் ‘கதை’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிடும்போதும் கையில் கதைப்புத்தகம், மற்றவர்கள் வம்பு பேசும்போதும் கதைப்புத்தகம். அதிலும் தூர தேசத்துக் கதைகளின் மொழிபெயர்ப்பு என்றால் சோறு வேண்டாம். பக்கத்தில் போய் உலுக்கினால்தான் திரும்புவாள். “என்னடி, அங்க இன்னும் பனி பெய்யுதா?” என்று மடிப்புப் பகுதிப் பெண்கள் கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடி பனிக்குள் போய்விடுவாள். அவளுடைய வேலை சலவைக் குறிப்புகள் எழுதுவது. எந்தத் துணியை எவ்வளவு சூட்டில் ஓட்ட வேண்டும், எந்தத் தூள், எவ்வளவு சுழற்சி என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் எழுதி வைப்பாள். மெஷின் ஓட்டுகிறவர்கள் அதைப் பார்த்து ஓட்டுவார்கள்.

டிரைவரண்ணன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். கண் பரிசோதனையில் தேறவில்லை என்று கம்பெனி அனுப்பிவிட்டது. அந்தக் கதையை அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். “டாக்டரம்மா, கடைசி வரியில என்ன தெரியுதுன்னு கேட்டாங்க. சுவர் தெரியுதுன்னேன். பஸ்ஸுக்கு லாயக்கில்லன்னு எழுதிட்டாங்க. துணி துவைக்க லாயக்கில்லன்னு எழுதலயே!” மெஷின் கதவைச் சாத்தும்போது இப்போதும் “ரைட், போலாம்” என்றுதான் சொல்வார்.

அன்றைக்கு அவர் எதுவும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

மேனேஜர் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். “நீங்களே பாருங்க. ஓட்டல் கம்பளி. முதல் வரி என்ன?”

“அறுபது டிகிரி வெந்நீரில் ஓட்டவும்.”

“அந்த வரி மேல என்ன இருக்கு?”

டிரைவரண்ணன் குனிந்து பார்த்தார். “கோடு போட்டு அடிச்சிருக்கு சார்.”

“அடிச்சிருந்தா என்ன அர்த்தம்?”

“செய்யக் கூடாதுன்னு அர்த்தம்.”

“அப்ப ஏன் செஞ்சீங்க?”

“அங்க கோடு இல்ல சார். நெளிவு போட்டிருந்துச்சு.”

“என்னது?”

“நெளிவு சார். வரிக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு.” விரலால் காற்றில் போட்டுக் காட்டினார். “ரோட்டுல நெளிவா ஒரு போர்டு இருந்தா, வளைவு வருது, பாத்துப் போன்னு அர்த்தம். இதுவும் கவனமா செய்ய வேண்டிய வரின்னு நெனச்சேன். கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டு மெஷின் பக்கத்துலயே நின்னேன் சார். முதல்ல சூட்டுல ஓட்டினேன். அப்புறம் ரெண்டாவது வரியில இருந்தபடி பச்சத்தண்ணியில.”

“கம்பளிய வெந்நீர்ல போட்டா சுருங்கும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் சார். ஆனா போன தடவ நான் ஒரு சந்தேகம் கேட்டப்ப, யோசிக்கிறதுக்கு உங்களுக்குச் சம்பளம் இல்ல, திரையில இருக்கிறத மட்டும் செய்ங்கன்னு நீங்கதான் சொன்னீங்க.”

மேனேஜர் கம்பளியை மேசைமேல் போட்டுவிட்டுச் சட்டைக்கையைச் சரிசெய்துகொண்டார். அவருக்கு முதுகுக்குப் பின்னால் ‘இஸ்திரி’ என்று பெயர். சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் அன்றைக்கு யாராவது வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அதனாலேயே ஆவி அடிக்கும் மெஷின் அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

“நீங்க ஒரு எட்டு வந்து மெஷின் பக்கத்துல மாட்டியிருக்கிற டேப் திரையில பாருங்க சார்,” என்றார் டிரைவரண்ணன்.

“அங்க போய் என்ன பாக்குறது? ஒரே ஃபைல். இங்க ஒண்ணு அங்க ஒண்ணா காட்டும்?” அவர் கதவுப் பக்கம் திரும்பினார். “என்ன கதை, ரெண்டும் ஒரே ஃபைல்தானே?”

டிரைவரண்ணன் காற்றில் நெளிவு போட்டுக் காட்டிய அந்த நொடியிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது.

“ஒரே ஃபைல்தான் சார்,” என்றாள்.

அது பொய்யும் இல்லை.

மேனேஜர் குரலைத் தணித்துக்கொண்டார். அந்தக் கனிவுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “டிரைவர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ஏற்கெனவே கண்ணு விஷயத்துல ஒரு பிரச்சினை இருந்துச்சு. நீங்க வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும். ஆனா கோட்ட நெளிவுன்னு பாத்துட்டு ஓட்டுற ஆள மெஷின் பக்கம் எப்படி விடறது?”

டிரைவரண்ணன் வாதாடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். மேசையைத் தட்டி, நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன் என்று கத்துவார் என்று நினைத்தாள். அவர் திரும்பவும் லேப்டாப்பில் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இருக்கலாம் சார்,” என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு மடிப்புப் பகுதியில் வேலை. அவருடைய மெஷினை நிறுத்தி, கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டி வைத்தார்கள்.

நடந்தது இதுதான். அவள் குறிப்புகளை எழுதுவது மார்க்டவுனில். வெறும் எழுத்தைக் குறிகளை வைத்து ஒழுங்குபடுத்தும் ஒரு முறை அது. வரிக்கு முன்னால் # போட்டால் தலைப்பு ஆகிவிடும். சொல்லுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டால் எழுத்து தடிக்கும். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நெளிகோடு போட்டால், அந்த வரியின் நடுவே கோடு விழுந்து அடித்த வரியாகிவிடும். பழைய முறையை அழிக்கக் கூடாது, அடிக்க மட்டும்தான் வேண்டும் என்பது மேனேஜரின் சட்டம். “அழிச்சுட்டா நாளைக்கு யாரு மாத்தினான்னு சண்டை வரும். பழசும் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கட்டும்.” ஓட்டல்காரர்கள் பருத்திப் போர்வையிலிருந்து கம்பளிக்கு மாறியபோது அவள் அப்படித்தான் எழுதினாள்:

~~அறுபது டிகிரி வெந்நீரில் ஓட்டவும்~~
குளிர்ந்த நீரில், மெதுவான சுழற்சியில் ஓட்டவும்

முன்பெல்லாம் இதை அலுவலகத்தில் அச்செடுத்து மெஷின்மேல் ஒட்டுவார்கள். அடித்த வரி அடித்தபடியே வரும். சமீபத்தில்தான் தாளுக்குப் பதிலாக ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு தொடுதிரை டேப் மாட்டினார்கள். மாட்டிய டெக்னீஷியன் போகிற போக்கில் சொன்னார், “எல்லாக் குறிப்பையும் ஒரு தடவ இதுல திறந்து பாத்துடுங்கம்மா. மார்க்டவுன்ல நிறைய வகை இருக்கு. உங்க ஆபீஸ்ல இருக்கிறது புது வகை, நிறைய குறி தெரியும். இதுல இருக்கிறது ஆதி காலத்து வகை. தெரியாத குறி வந்தா அப்படியே வெளிய துப்பிடும்.”

அவள் ஒரே ஒரு குறிப்பைத் திறந்து பார்த்தாள். தலைப்பு பெரிதாக வந்திருந்தது. தடித்த எழுத்து தடிப்பாக வந்திருந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இருக்கைக்குத் திரும்பிவிட்டாள். அப்போது படித்துக்கொண்டிருந்த நாவலில் ஒரு தந்தி அலுவலகப் பெண் உறைந்துபோன ஏரியின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். காலுக்குக் கீழே பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம். மற்றக் குறிப்புகளை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வரவேயில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூட மனசைச் சமாதானப்படுத்தியிருப்பாள். கம்பளி வந்த அன்றைக்கு மத்தியானம் டிரைவரண்ணன் அவளிடம் வந்து நின்றார். “பாப்பா, கம்பளிக்குச் சூடு போட்டிருக்கே, நெளிவெல்லாம் வேற இருக்கு. அது சரிதானா?” அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “திரையில இருக்கிறபடியே செய்ங்கண்ணா,” என்றாள். அவர் சரி பாப்பா என்று போய்விட்டார்.

அலுவலக அறையில் அவர் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் அவளைத் துளைத்தது. சொல்லியிருந்தால் அவளும் மாட்டியிருப்பாள், மாட்டியதில் ஒரு நிம்மதி இருந்திருக்கும்.

வீட்டில் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த கால்களை ஒரு முக்காலிமேல் தூக்கி வைத்திருந்தாள். இவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை.

“இப்ப அந்த ஆளுக்கு வேலை போச்சா?”

“இல்ல. மடிப்புக்கு மாத்திட்டாங்க.”

“அப்புறம் என்ன? வேலை இருக்கு. நீ போய் உளறினா உன் வேலை போகும். பேசாம ஃபைல்ல அந்த வரிய எடுத்துடு. யாருக்கும் தெரியாது.”

“அக்கா, அவரு தன் கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு.”

கத்தி நின்றது. அக்கா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். “அவரே அப்படி நெனைக்கிறாரா?”

“ஆமா. இருக்கலாம் சார்னு சொன்னாரு.”

“அடிப்பாவி,” என்றாள் அக்கா. “அத முதல்ல சொல்லாம மார்க்டவுன் மண்ணாங்கட்டின்னு எதையெதையோ சொல்லிக்கிட்டு இருந்தியே.” அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு யோசனையும் சொல்லவில்லை. கேட்கவும் இவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். மேனேஜர் காலை முழுக்க ஓட்டல்காரர்களோடு போனில் இருந்தார். மத்தியானம் சிடுசிடுவென்று இருந்தார். சாயங்காலம் பேசலாம் என்றிருந்தாள், சாயங்காலம் அவர் அறைக் கதவுவரை போய்த் திரும்பிவிட்டாள். மடிப்புப் பகுதி வழியாகப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். டிரைவரண்ணன் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஓரங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று அவர் கண்ணால் பார்க்கவில்லை. கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

வேலை முடிந்து வெளியே வந்தவள், சாலை ஓரத்தில் அவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தாள். இந்த ஒன்றையாவது கேட்கலாம் என்று ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

“வண்டி பஞ்சராண்ணா?”

“இல்ல பாப்பா, நல்லாத்தான் இருக்கு.”

“பெட்ரோல் இல்லையா?”

“அதெல்லாம் இருக்கு.”

“அப்புறம் ஏண்ணா தள்ளிக்கிட்டுப் போறீங்க?”

“நேத்து யாரும் இல்லாதப்ப மறுபடி மெஷின்கிட்ட போய்ப் பாத்தேன் பாப்பா. திரைக்கு மூக்கு இடிக்கிற மாதிரி நின்னு பாத்தேன். ஒரு கண்ண மூடிப் பாத்தேன், மறு கண்ண மூடிப் பாத்தேன். ஆபீஸ்ல அவ்வளவு கறுப்பா தெரியுதே, அந்தக் கோடு அங்க எனக்குத் தெரியவே மாட்டேங்குது. நெளிவு மட்டும்தான் தெரியுது. இருக்கிறது தெரியல, இல்லாதது தெரியுது. இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு ரோட்டுல எவன் மேலயாவது ஏத்திட்டா? பஸ் கம்பெனிய இத்தன நாளா திட்டிக்கிட்டே இருந்தேன். அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க.”

“அண்ணா, உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அங்க கோடே கிடையாது. நெளிவுதான் இருக்கு. நீங்க பாத்ததுதான் சரி.”

அவர் சிரித்தார். “எம் பொண்ணும் இப்படித்தான், ஒண்ணும் இல்லப்பா, ஒண்ணும் இல்லப்பான்னு சொல்றா. விடு பாப்பா. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேந்துடறேன்.”

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் போதும் என்று அவள் எண்ணியிருந்தாள். சொன்ன உண்மை அவருக்குப் பரிதாபப்பட்டுச் சொன்னதாகக் கேட்டது. அவள் ஸ்கூட்டரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“திருப்புங்க.”

“எங்க?”

“உள்ள. திருப்புங்கண்ணா, ஒரு தடவ எனக்காக.”

இரண்டு பேருமாக வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேனேஜர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். அவள் அவர் வழியில் போய் நின்றாள்.

“சார், லேப்டாப்ப எடுத்துக்கிட்டு மெஷின் ரூமுக்கு வாங்க.”

“எதா இருந்தாலும் நாளைக்கு.”

“அந்தக் கம்பளியெல்லாம் சுருக்கினது நான்தான் சார்.”

மேனேஜர் அவளையும் அவளுக்குப் பின்னால் ஸ்கூட்டரோடு நின்ற டிரைவரண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

மெஷின் அறையின் ஆவியில் அவர் சட்டைக் காலர் நொடியில் துவண்டுபோனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நிறுத்தி வைத்திருந்த மெஷினின் தலையில் அவள் லேப்டாப்பை வைத்து, டேப்புக்குப் பக்கத்தில் திறந்தாள். இரண்டிலும் ஓட்டல் கம்பளிக் குறிப்பு. லேப்டாப்பில் முதல் வரியின் நடுவே கறுப்புக் கோடு ஓடியது. டேப்பில் அதே வரி கோடில்லாமல் முழுசாக நின்றது, முன்னும் பின்னும் இரண்டிரண்டு நெளிகோடுகளோடு.

“ஒரே ஃபைல்னு சொன்னியே?” என்றார் மேனேஜர்.

“ஒரே ஃபைல்தான் சார். காட்டுற மென்பொருள் வேற வேற. லேப்டாப்புக்கு அந்தக் குறி தெரியும், கோடா மாத்திடுது. டேப்புக்குத் தெரியாது, அப்படியே காட்டுது. டேப் மாட்டினவர் எல்லாத்தையும் திறந்து பாக்கச் சொன்னாரு. நான் பாக்கல.”

“நேத்து நான் கேட்டப்பவே இது உனக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

டிரைவரண்ணன் லேப்டாப் பக்கம் திரும்பவேயில்லை. டேப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார்.

“சார், உங்களுக்கு இங்க கோடு தெரியுதா?”

“இல்ல,” என்றார் மேனேஜர்.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“இல்லங்க. கோடு இல்ல.”

டிரைவரண்ணன் ஒரு விரலை நீட்டித் திரையில் அந்த நெளிவைத் தொட்டார். அவர் சந்தோஷப்படுவார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை.

இன்னொன்றும் பாக்கி இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். “அண்ணா, அன்னைக்கு மத்தியானம் நீங்க என்கிட்ட வந்து கேட்டீங்க. நான் நிமிந்துகூடப் பாக்காம, திரையில இருக்கிறபடியே செய்ங்கன்னு சொல்லிட்டேன்.”

“அப்படியா சொன்னே?” என்றார் அவர்.

“ஆமாண்ணா. ஏன், ஞாபகம் இல்லையா?”

“ஞாபகம் இருக்கு. ஆனா வீட்டுல உக்காந்து யோசிச்சப்ப, நீ வேற என்னமோ சொல்லியிருப்பே, எனக்குத்தான் தப்பா விழுந்திருக்கும்னு நெனச்சேன். கண்ணோட சேந்து காதும் போச்சுன்னு.”

அவளால் அவரைப் பார்க்க முடியவில்லை. மெஷின் கைப்பிடியில் கட்டியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

“நாளைக்கு ஓட்டலுக்கு நீ என்கூட வர்ற கதை. அவங்ககிட்ட நீயே சொல்லு. அப்புறம் உன்ன என்ன செய்யறதுன்னு யோசிக்கிறேன்.” பிறகு டிரைவரண்ணன் பக்கம் திரும்பி, என்ன சொல்வது என்று தெரியாமல் துவண்ட காலரை நீவினார். “நீங்க நாளைலேர்ந்து இங்கயே வந்துடுங்க. சந்தேகம் வந்தா என்கிட்ட வாங்க. நீங்களும் யோசிக்கலாம்.”

“அதுக்குத் தனிச் சம்பளம் உண்டா சார்?” என்றார் டிரைவரண்ணன். குரலில் வேடிக்கை இல்லை. மேனேஜருக்கும் அது புரிந்தது.

வெளியே வந்ததும் அவர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார். உதைத்துக் கிளப்பினார். அவள் பக்கத்தில் நின்றாள்.

“மன்னிச்சிடுங்கண்ணா.”

“கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட பேசாத பாப்பா.”

“கோவமாண்ணா?”

“கோவந்தான். எவ்வளவு கோவம்னு எனக்கே இன்னும் தெரியல. கம்பளி போனா போகுது. தப்பு எல்லாருக்கும் நடக்கும். ஆனா நேத்து அந்த ரூம்ல நீ கதவுகிட்டயே நின்னுக்கிட்டு இருந்தியே.” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. வண்டி போய்விட்டது. வளைவில் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

மறுநாள் ஓட்டலுக்குப் போவதற்கு முன்னால், எல்லாரும் வருவதற்கும் முன்பே, அவள் மெஷின் அறைக்கு வந்தாள். புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். முதல் மெஷினில் தொடங்கி ஒவ்வொரு டேப்பிலும் ஒவ்வொரு குறிப்பையும் திறந்து, தலையிலிருந்து கால்வரை படித்தாள். படுக்கை விரிப்புக் குறிப்பில் இரண்டு நெளிவுகள் பல்லைக் காட்டின. சமையல்காரர் அங்கிக் குறிப்பில், வெளுப்பான் வேண்டாம் என்று அவள் அடித்து வைத்திருந்த வரி உயிரோடு நின்றது. இன்னும் யாருடைய கையிலும் அது வெடிக்கவில்லை என்பது யாரோ அவள்மேல் இரக்கப்பட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொன்றிலும் நெளிவை எடுத்துவிட்டு, ‘இதைச் செய்ய வேண்டாம், இது பழைய முறை’ என்று எந்த வகை மார்க்டவுனும் தப்பாகக் காட்ட முடியாதபடி வெறும் சொல்லில் எழுதினாள்.

கடைசி மெஷினுக்கு அவள் வந்தபோது டிரைவரண்ணன் ஏற்கெனவே அங்கே இருந்தார். கைப்பிடியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பேசாதே என்று சொன்னவர். அதனால் அவள் பேசவில்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் சற்றுத் தள்ளி நின்றாள்.

அவர் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் டேப்புக்கு முன்னாலிருந்து ஓர் அடி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் முதல் குறிப்பைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள். அவரும் அவள் தோளுக்கு மேலாக, உதடு அசைய, அதே வரிகளைப் படித்துக்கொண்டு வந்தார்.